பதினாறு வருகைகள்: ராவல்பிண்டியின் தாய் மனநலத் திட்டம், ஒரு நிகழ்வு ஆய்வு

பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டத்தில் குஜர் கான், கல்லர் சைதான் என்று இரண்டு வட்டங்கள் இருக்கின்றன. அங்குள்ள கிராமங்களில் வீடு வீடாகப் போன பெண் சுகாதாரப் பணியாளர்கள் கர்ப்பிணியிடம் "உன் மனசு எப்படி இருக்கு?" என்று ஆரம்பிக்கவில்லை. குழந்தையைப் பற்றித்தான் பேச்சை எடுத்தார்கள்: குழந்தை ஆரோக்கியமாகப் பிறக்க வேண்டும், நன்றாக வளர வேண்டும், அதற்கு அம்மா நன்றாக இருக்க வேண்டும். மனச்சோர்வு என்ற சொல் எங்கும் வரவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் அத்தனை பேரும் மருத்துவ நேர்காணலில் மனச்சோர்வு இருப்பதாக உறுதியானவர்கள். நடந்துகொண்டிருந்தது மனச்சோர்வுக்கான சிகிச்சைதான்.

'திங்கிங் ஹெல்தி' என்ற இந்தத் திட்டத்தை உளநல மருத்துவர் ஆத்திஃப் ரஹ்மானும் அவருடைய குழுவும் உருவாக்கினார்கள். ஆய்வு முடிவு 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 2015இல் உலக சுகாதார நிறுவனம் இதன் கையேட்டை வெளியிட்டது. அதன்பின் பல நாடுகள் இதை எடுத்துக்கொண்டன. எதை எடுக்க வேண்டுமோ அதை விட்டுவிட்டு, எளிதாகக் கைக்குக் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்ட இடங்களும் உண்டு.

ஏன் அந்த ஊர், ஏன் அந்தப் பணியாளர்

ரஹ்மானின் குழு முன்பே அதே பகுதியில் எடுத்த கணக்கில், கர்ப்பிணிகளில் 25 சதவீதம் பேருக்கும் பிரசவமான பெண்களில் 28 சதவீதம் பேருக்கும் மனச்சோர்வு இருந்தது. அப்படிப்பட்ட தாய்மாரின் கைக்குழந்தைகள் எடையிலும் உயரத்திலும் பின்தங்கினார்கள், வயிற்றுப்போக்கும் அடிக்கடி வந்தது. நாலில் ஒருத்திக்கு மனச்சோர்வு என்னும்போது அத்தனை பேரையும் மருத்துவரிடம் அனுப்ப முடியாது. அந்தக் கிராமங்களுக்கு எட்டும் தூரத்தில் உளநல மருத்துவரே கிடையாது.

எட்டும் தூரத்தில் இருந்தவர் 'லேடி ஹெல்த் ஒர்க்கர்'. 1994இல் பாகிஸ்தான் அரசு தொடங்கிய பணி அது. குறைந்தது எட்டாம் வகுப்புப் படித்த உள்ளூர்ப் பெண், சுமார் 1,000 பேருக்கு ஒருவர். தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு, சத்துணவு என்று ஏற்கெனவே வீட்டுக்குள் போய்வருகிறவர், மாமியாருக்கும் தெரிந்த முகம். புதிதாக ஒரு 'மனநல ஆலோசகர்' படியேறினால் அக்கம்பக்கம் பார்க்கும், வீட்டாருக்கும் கூச்சம் வரும். இவர் வந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

40 யூனியன் கவுன்சில்களை (சில கிராமங்கள் சேர்ந்த உள்ளாட்சிப் பகுதிகளை) குலுக்கிப் போட்டு, பாதியில் திட்டமும் மீதியில் வழக்கமான பணியும் என்று பிரித்தார்கள். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதத்தில் இருந்த, மனச்சோர்வு உறுதியான 903 பெண்கள் சேர்ந்தார்கள்: திட்டப் பகுதியில் 463, மற்றதில் 440.

இந்த இடத்தில் பலரும் கவனிக்காமல் போகும் ஒரு விவரம் உண்டு. வழக்கமான பணி நடந்த பகுதியிலும் அந்தப் பெண்களின் வீட்டுக்கு அதே எண்ணிக்கையில் வருகைகள் நடந்தன. அங்கே போன பணியாளருக்கு இந்தப் பயிற்சி இல்லை, அவ்வளவுதான். எனவே பின்னால் வரும் வித்தியாசத்துக்கு "யாரோ ஒருத்தர் வந்து பேசினாரே, அந்த ஆறுதல்" என்று காரணம் சொல்ல முடியாது.

பதினாறும் எப்படிப் பிரிந்தன

திட்டத்தில் ஒவ்வொரு தாய்க்கும் மொத்தம் பதினாறு வீட்டு வருகைகள். கர்ப்பத்தின் கடைசி மாதத்தில் வாரம் ஒன்றாக 4. பிரசவமான முதல் மாதத்தில் 3. அதன்பின் மாதம் ஒன்றாக 9. அறிமுக வருகை ஒன்று, மீதிப் பதினைந்தும் மும்மூன்றாக ஐந்து பாகங்கள்: பிரசவத்துக்குத் தயாராவது, குழந்தை வந்த நாட்கள், பிறகு கைக்குழந்தைப் பருவத்தின் மூன்று கட்டங்கள்.

ஒவ்வொரு பாகத்திலும் அதே மூன்று விஷயங்கள் அதே வரிசையில் வரும். முதலில் தாயின் சொந்த உடம்பு, அதாவது சாப்பாடு, தூக்கம், ஓய்வு. அடுத்து தாய்க்கும் குழந்தைக்கும் உள்ள ஒட்டுதல். மூன்றாவது, தாய்க்கும் சுற்றியிருப்பவர்களுக்கும் உள்ள உறவு. ஒவ்வொன்றிலும் அதே மூன்று படிகள்: கெடுதலான எண்ணம் எது என்று அடையாளம் காண்பது, அதன் இடத்தில் நல்லதொன்றை வைப்பது, அடுத்த வருகைக்குள் அதைச் செய்து பார்ப்பது. எண்ணத்தையும் செயலையும் மாற்றி மனநிலையைச் சீராக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையின் எலும்புக்கூடு இதுதான். திரும்பத் திரும்ப ஒரே சட்டகம் வருவது படித்தவர்களுக்குச் சலிப்பாக இருக்கலாம். எட்டாம் வகுப்புப் படித்த பணியாளர் கையேட்டைப் புரட்டாமல் நடத்த முடிந்ததே அந்தச் சலிப்பூட்டும் ஒழுங்கால்தான்.

எண்ணங்களைப் பேசவைக்கப் படங்கள் இருந்தன. தாய் தன் எண்ணத்தைச் சொல்லக் கூசுவாள். படத்தில் இருக்கும் பெண் என்ன நினைக்கிறாள் என்று கேட்டால் சொல்லிவிடுவாள். செய்து பார்க்கும் வேலைகளைக் குறிக்க ஓர் அட்டவணை, அதை மாட்டிவைக்க வீட்டில் ஒரு 'சுகாதார மூலை'. எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் குறி போடலாம்.

பயிற்சி 2 நாள், நான்கு மாதம் கழித்து 1 நாள் மறுபயிற்சி. இதைக் கேட்டதும் "அட, மூணு நாள்தானா!" என்று நிர்வாகிகளுக்கு ஆசை வந்துவிடுகிறது. மாதா மாதம் அரை நாள் பத்துப் பத்துப் பேராக உட்கார்ந்து நடத்திய மேற்பார்வைக் கூட்டத்தை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. எங்களைக் கேட்டால், பயிற்சியை ஒரு நாள் குறைத்தாலும் சமாளிக்கலாம், அந்த அரை நாளைக் குறைத்தால் திட்டம் ஆறு மாதத்தில் வெறும் படக்காட்சியாகிவிடும்.

ஒரு வருகை, கிட்டத்திலிருந்து

உள்ளே என்ன நடக்கிறது என்பது விளங்க, முறையை நம் ஊர்ப் பேச்சில் போட்டுப் பார்ப்போம். கற்பனை உரையாடல்தான், படிகள் கையேட்டின் படிகள். குழந்தை பிறந்து 18 நாள். கிராம சுகாதாரச் செவிலியர் வந்திருக்கிறார், மாமியார் வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்கிறார்.

"எனக்குப் பாலே ஊறலைங்க நர்ஸம்மா. இவனுக்கு நான் லாயக்கில்லாத அம்மா."

பயிற்சி இல்லாதவர் இங்கே என்ன சொல்வார்? "அப்படியெல்லாம் நினைக்கக் கூடாதும்மா, தைரியமா இரு." பேச்சு அதோடு செத்துவிடும். பயிற்சி பெற்றவர் கேட்பது:

"எதை வச்சு அப்படித் தோணுது?"

"ராத்திரி பூரா அழறான். பால் பத்தலைன்னுதான் அழறான்னு அத்தை சொல்றாங்க."

"நேத்துலேர்ந்து எத்தனை தடவை ஒண்ணுக்குப் போனான்?"

"ஏழெட்டுத் தடவை இருக்கும்."

"ஆறு தடவைக்குக் கொறையாம போனா பால் போதுமானதா இருக்குன்னு அர்த்தம். பொறந்தப்போ 2.7 கிலோ. இப்போ தராசுல நீயே பாரு."

3 கிலோ. 'லாயக்கில்லாத அம்மா' என்ற எண்ணத்துக்கு எதிராகச் செவிலியர் பாராட்டு எதுவும் சொல்லவில்லை. தராசு முள்ளையும் நனைந்த துணிகளின் கணக்கையும் முன்னால் வைத்தார். அழுகைக்குப் பசியைத் தவிர வேறு காரணங்கள் உண்டா என்று தாயையே சொல்லவைப்பார். பிறகுதான் மூன்றாவது படி, அது வாசற்படிப் பக்கம் திரும்புகிறது.

"பெரியம்மா, பேரனுக்கு எடை நல்லா ஏறுது. இன்னும் ஏறணும்னா இவ தூங்கணும். மத்தியானம் பால் குடிச்சு முடிச்சதும் ஒரு மணி நேரம் நீங்க இவனை வச்சுக்குவீங்களா?"

மருமகள் ஓய்வெடுக்க வேண்டும் என்று கேட்டால் "நாங்கெல்லாம் புள்ளையப் பெத்த மூணாம் நாளே அடுப்படிக்குப் போனோம்" என்று பதில் வரும். பேரனின் எடைக்காகக் கேட்டால் அந்தப் பதிலுக்கு வழியில்லை. சூழ்ச்சி மாதிரித் தெரியலாம், ஆனால் சொன்னதில் பொய் இல்லை. வீட்டில் எல்லாருக்கும் பொதுவான அக்கறை குழந்தைதான். அதைப் பிடித்துக்கொண்டு தாய்க்கு ஒரு மணி நேரத் தூக்கம் வாங்கிக் கொடுக்கிறார். அட்டவணையில் அடுத்த வருகை வரைக்கும் ஒரே ஒரு வேலை: மத்தியானத் தூக்கம். தூங்கிய நாளில் ஒரு குறி. நாலு வேலை கொடுத்தால் ஒன்றும் நடக்காது, நடக்காதது இன்னொரு தோல்வியாகத் தாயின் தலையில் ஏறும்.

என்ன கிடைத்தது

குழந்தைக்கு ஆறு மாதம் ஆனபோது திட்டப் பகுதியில் 23 சதவீதத் தாய்மாருக்கு மனச்சோர்வு நீடித்தது, மற்றப் பகுதியில் 53 சதவீதம். ஒரு வயதில் 27 சதவீதம், மற்றப் பகுதியில் 59. மூன்று நான்கு பெண்களுக்கு இதைச் செய்தால் அவர்களில் ஒருத்தி கூடுதலாக மீள்கிறாள் என்று கணக்கு வருகிறது. மருத்துவரே இல்லாத ஒரு திட்டத்துக்கு இது அசாதாரணம். இன்னொரு உண்மையும் இந்த எண்களில் இருக்கிறது: சும்மா விட்டால் "தானாச் சரியாயிடும்" என்று சொல்லப்படும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடமாகியும் சரியாகவில்லை.

திட்டப் பகுதிக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி முழுமையாகப் போட்டது கூடியது, தாயும் தந்தையும் குழந்தையோடு விளையாடும் நேரமும் கூடியது. எடையிலும் உயரத்திலும் மட்டும் சொல்லிக்கொள்ளும் வித்தியாசம் இல்லை.

அதே குழந்தைகளை ஏழு வயது வாக்கில் மறுபடி தேடிப் பார்த்து 2015இல் வெளியிட்ட முடிவை, திட்டத்தைப் புகழ்கிறவர்கள் பலரும் சொல்லாமல் விடுகிறார்கள். அறிவு வளர்ச்சி, நடத்தை, உடல் வளர்ச்சி எதிலும் இரு பகுதிக் குழந்தைகளுக்கும் இடையே வித்தியாசம் இல்லை. இது திட்டத்தின் தோல்வி என்று நாங்கள் படிக்கவில்லை. முதல் வருடம் அம்மாவை மீட்டது நடந்தது. அதன்பின் ஆறு வருடம் பள்ளி, வறுமை, மறுபடி வந்த மனச்சோர்வு எல்லாம் அந்தக் குழந்தைகள் மேல் வேலை செய்தன. முதல் வருடத்துப் பதினாறு வருகைகள் ஏழு வயது வரைக்கும் தாங்கும் என்று எதிர்பார்த்ததுதான் தவறு. நன்கொடையாளரிடம் "தாய்க்குச் செலவிடுங்கள், குழந்தையின் அறிவு வளரும்" என்று பேசுகிறவர்கள் அந்த வாக்குறுதியை நிறுத்திக்கொள்வது நல்லது. தாய் மீள்வதே போதுமான காரணம்.

மலிவாக்கியபோது

போலியோ சொட்டு மருந்து முதல் கணக்கெடுப்பு வரை எல்லா வேலையும் லேடி ஹெல்த் ஒர்க்கர் தலையில் விழுந்தது. அதனால் அடுத்த முயற்சியில் அதே ஊரின் சாதாரணத் தாய்மாரையே, சம்பளமில்லாத தோழிகளாக, பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். ராவல்பிண்டியில் 570 பெண்கள், கோவாவில் 280 பெண்கள். கோவாவில் இந்தத் தோழிகளுக்குச் 'சகி' என்று பெயர். வருகைகளும் குறைந்தன. இரண்டு முடிவுகளும் 2019இல் வந்தன. ராவல்பிண்டியில் ஆறாம் மாதத்தில் மனச்சோர்வு அளவில் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. கோவாவில் மீண்டவர்கள் 73 சதவீதம், மற்றக் குழுவில் 60. ஆனால் அறிகுறிகளின் கடுமையில் வித்தியாசம் நிரூபணமாகவில்லை. பயன் இருக்கிறது, ஆனால் 2008இல் கண்டதன் நிழல்தான்.

சேர்ந்த பெண்களின் நோய்க் கடுமை, கண்டறிந்த முறை எல்லாம் மாறியிருப்பதால் ஒரே காரணத்தைச் சொல்ல முடியாது. எங்கள் ஊகம் ஒன்று உண்டு: மாமியாரிடம் போய் "ஒரு மணி நேரம் குழந்தையை வச்சுக்குங்க" என்று சொல்ல ஓர் அதிகாரம் வேண்டும். அரசு பதிவேட்டோடு வரும் பணியாளருக்கு அது இருக்கிறது. பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு அது எளிதில் வராது.

இன்னொரு பக்கம், மனச்சோர்வு வரும் வரை ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்ட ஆய்வு நல்ல பலன் தந்தது. ராவல்பிண்டி ஹோலி ஃபேமிலி மருத்துவமனையில், பதற்றம் இருந்த 755 கர்ப்பிணிகளிடம் மருத்துவரல்லாத பணியாளர்கள் கர்ப்ப காலத்திலேயே ஆறு அமர்வுகள் நடத்தினார்கள். 2024இல் வந்த முடிவில், பிரசவமாகி ஆறு வாரத்தில் மனச்சோர்வு வந்தவர்கள் 12 சதவீதம், வழக்கமான பராமரிப்பில் 41 சதவீதம்.

நம் ஊருக்குக் கொண்டுவந்தால் எங்கே இடறும்

நம்மிடம் கணக்கு இல்லாமல் இல்லை. வேலூர் அருகே கிராமங்களில் செய்து 2002இல் வெளியான ஆய்வில், பிரசவத்துக்குப்பின் புதிதாக மனச்சோர்வு வந்தவர்கள் 11 சதவீதம். அதோடு சேர்ந்து தெரிந்தவை: குறைந்த வருமானம், ஆண் குழந்தை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துயரங்கள், கைவேலைக்கு உதவி இல்லாதது. பிரசவத்தை ஒட்டிய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ வினாப்பட்டியலின் தமிழ் வடிவமும் வேலூரில் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. பத்துக் கேள்விகள், அதிகபட்சம் 30. தமிழ் வடிவத்தில் 9 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாகப் பார்க்க வேண்டும். வேறு நாட்டுக் கையேட்டைப் பார்த்து 13 என்று வைத்துக்கொண்டால் நம் பெண்களில் பலர் சல்லடையில் நழுவிவிடுவார்கள். தூக்கமின்மை, களைப்பு, பசியின்மை எல்லாவற்றையும் மதிப்பெண்ணில் சேர்க்கும் பொதுவான பட்டியல்களில் கர்ப்பிணிக்கு இயல்பாகவே மதிப்பெண் ஏறும். எடின்பரோவில் அந்தச் சிக்கல் குறைவு.

பெரிய இடறல் தாய்வீடு. ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்புப் போட்டதும் பெண் அம்மா வீட்டுக்குப் போகிறாள், குழந்தைக்கு மூன்றோ ஐந்தோ மாதமானதும் திரும்புகிறாள். ராவல்பிண்டி அட்டவணையை அப்படியே வைத்தால் முதல் ஏழு வருகைகள், அதாவது மிக நெருக்கமானவை, வேறொரு செவிலியரின் எல்லையில் விழுகின்றன. நடுவில் பெண் மாமியார் வீட்டுக்குத் திரும்பும் வாரம்தான் பலருக்கும் கடினமான வாரம், அப்போது பார்த்துக்கொள்ள யாரும் இருப்பதில்லை. செய்யக்கூடியது: கர்ப்பம் பதிந்த நாளிலேயே வளைகாப்பு மாதத்தையும் தாய்வீட்டு ஊரையும் கேட்டு எழுதிவிடுவது; முதல் நான்கு வருகைகளை ஆறாம் மாதத்துக்கு முன்னேற்றி, மாமியார் இருக்கும்போதே முடிப்பது; கிளம்புவதற்குமுன் தாய்வீட்டு எல்லைச் செவிலியருக்குப் பதிவு எண்ணோடு தொலைபேசியில் சொல்வது; திரும்பி வந்த முதல் வாரத்தில் ஒரு வருகையைக் கட்டாயமாக்குவது. இலங்கையில் குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பம் முதல் குழந்தைப் பருவம் வரை வீட்டுக்குப் போவதால் தொடர்ச்சி ஓரளவு இயல்பாகவே கிடைக்கிறது. அங்கே இடறுவது தனிமை: ஒற்றை அறை வீட்டில் கணவரைப் பற்றிய கேள்வியை எங்கே கேட்பது? தராசைச் சாக்காக வைத்துக் கிணற்றடிக்கோ திண்ணைக்கோ வரச்சொல்வது பலன் தரும்.

எல்லாருக்கும் இந்த முறை ஆகாது. பிரசவமாகி மூன்றாம் நாள் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் தணியும் அழுகைக்குப் பதினாறு வருகைகள் தேவையில்லை. முதல் இரண்டு வாரத்தில் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது நம்பினால் அது பிரசவ மனநோய். ஆயிரத்தில் ஒருவர் இருவருக்கு வரும், அன்றைக்கே மருத்துவமனை. "காத்து கருப்பு" என்று மந்திரிக்கப் போகும் மூன்று நாட்கள் மிக ஆபத்தான மூன்று நாட்கள். களைப்பு மட்டும் முன்னே நின்றால் முதலில் ரத்தசோகை இருக்கிறதா என்றும் தைராய்டையும் பார்க்க வேண்டும். வீட்டில் அடி விழுகிறது என்றால் "எண்ணத்தை மாற்று" என்று சொல்வது கொடுமை. அங்கே தேவை பாதுகாப்பு.

எடின்பரோவின் பத்தாவது கேள்வி தன்னைத் தானே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்த மதிப்பெண் 4ஆக இருந்தாலும் அதில் 'இல்லவே இல்லை' தவிர வேறு எந்தப் பதில் வந்தாலும் அன்றைய மற்ற வருகைகளை நிறுத்த வேண்டும். நேரடியாகக் கேளுங்கள்: எப்படிச் செய்துகொள்வதாக நினைத்தீர்கள், அது வீட்டில் இருக்கிறதா? கேட்பதால் அந்த எண்ணம் விதைபடாது. பூச்சிமருந்து டப்பா எந்த மாடத்தில் இருக்கிறது என்று பார்த்து, பெண் நம்பும் ஒருவரிடம் சொல்லி, அன்றே வீட்டைவிட்டு வெளியே எடுத்துப்போகச் செய்ய வேண்டும். பெண்ணைத் தனியாக விடாமல் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் பேச வேண்டும். மனநல உதவிக்கான தொலைபேசி எண்கள்: தமிழ்நாட்டில் டெலி-மானஸ் 14416, இலங்கையில் 1926. மாத்திரை தேவைப்பட்டால் பாலூட்டும் தாய்க்கும் கொடுக்கக்கூடியவை உண்டு, செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்து அதில் பரவலாகத் தேர்ந்தெடுக்கப்படுவது. "பால் கொடுக்கிறாள், மாத்திரை வேண்டாம்" என்று மருந்துக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கிறது. அடுத்த வருகையில் மாத்திரை அட்டையைக் கையில் வாங்கி எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மாதாந்திர அரை நாள் கூட்டத்தில் "எத்தனை வருகை முடிந்தது?" என்பது கடைசிக் கேள்வியாக இருக்கட்டும். ஒவ்வொரு பணியாளரும் ஒரே ஒரு தாயை எடுத்துக்கொண்டு, போன முறை அவள் சொன்ன எண்ணம் எது, அவளே சொன்ன வார்த்தையில் என்ன, அட்டவணையில் எத்தனை குறி, வீட்டில் யாரிடம் என்ன கேட்டீர்கள் என்று நாலு வரி சொல்ல வேண்டும். "அறிவுரை கூறப்பட்டது" என்று மட்டும் எழுதிக்கொண்டு வருகிறவர் அந்த வீட்டில் படத்தைக்கூடத் திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அடுத்த வருகைக்கு மேற்பார்வையாளரும் அவரோடு கூடப் போக வேண்டும்.